முப்பது நாள் கிருபை

இந்திக்கு இரண்டு, மராத்திக்கு மூன்று.
தமிழுக்கு எண் இல்லை.
இரண்டை அமுக்குகிறேன்;
நாற்பத்தொரு வருடச் செம்பூர்வாசிக்கு
அதுவும் வாய்க்குப் பழகினதுதான்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்."
இந்தப் பொய்யை நான்
எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன்.
காட்கோபர் எக்ஸ்சேஞ்ச், ட்ரங்க் மேசை,
தலையில் இரும்பு வளையம்,
நாசிக்கையும் நாகர்கோவிலையும்
'லைன்ல இருங்க' என்று நிறுத்தி வைத்தவள்.
இப்போது என் முறை.

ஸ்பீக்கரில் போட்டுவிட்டு
நாற்காலி முதுகைப் பிடித்தபடி
குதிகாலைத் தூக்கி இறக்குகிறேன்.
காலுக்கு இருபது என்று பிசியோ எழுதியிருக்கிறாள்.
பன்னிரண்டு குதிகாலுக்கு ஒருமுறை
சிதார் முதலிலிருந்து தொடங்குகிறது.

எங்கள் கட்டடத்தில் பாலிசியை முழுக்கப் படித்தவர்கள்
நானும் மூன்றாம் மாடி ஷிரோட்கரும்தான்.
கண்புரை என்றால் ஒரு கண்ணுக்கு நாற்பதாயிரம்.
முழங்கால், முதல் இரண்டு வருடம் வலிக்கக் கூடாது.
அறை வாடகை நாளுக்கு ஐயாயிரம்;
கூடுதல் கொடுத்து
ஜன்னல் உள்ள அறையில் படுத்துவிட்டால்
கத்தி பிடிப்பவர், மயக்கம் கொடுப்பவர்,
எல்லார் பில்லிலும் அதே விகிதத்தில் வெட்டு.
ஷிரோட்கர் பென்சிலால் அடிக்கோடிட்டுச் சிரித்தார்:
"ஞானபாயி, இதைவிட நடப்பது மலிவு."

மலிவுதான்.
விடிகாலை டயமண்ட் கார்டனில் நாலு சுற்று.
மழையென்றால் மாடிப்படி.
லிஃப்ட் கெட்டுப் பதினோரு நாள்,
சொசைட்டி செயலர் தெரியாமலே
எனக்கு வைத்தியம் பார்க்கிறார்.
மூன்று மாதச் சர்க்கரை
எட்டு புள்ளி ஒன்றிலிருந்து ஏழு புள்ளி இரண்டு.
படிவத்தில் இதற்கொரு கட்டம் தேடினேன்.
'முன்பே உள்ள நோய்கள்' மட்டும் இருந்தது.

"நமஸ்தே க்நானாபூ ஜீ!"
ஞானப்பூ என்று சொல்ல
அவன் நாக்குக்குக் காப்பீடு இல்லை.
அறுபத்தாறு ஆகிவிட்டதால்
இருபத்தொன்பதாயிரம் இனி நாற்பத்தொன்றாம்.
இருவருக்கான பாலிசி அல்லவா.
சாருக்கு ஏதும் புதிய உடல்நலக் குறைவு?

இல்லை.
போன ஆகஸ்டில்
குர்லா பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்.
எழுந்திருக்கவில்லை.
ஆம்புலன்ஸ் இல்லை, அட்மிஷன் இல்லை, வாடகை இல்லை.
ஜன்னல் என்ன, வானமே இருந்தது.
சான்றிதழ் இரண்டு முறை அனுப்பிவிட்டேன் தம்பி.

கீபோர்டு சத்தம்.
மேலதிகாரி ஒட்டுக்கேட்கும் அந்தச் சன்னமான 'க்ளிக்'.
பிறகு அவன் எழுதி வைத்ததைப் படிக்கிறான்:
ஐந்து வருடமாக க்ளெய்ம் இல்லாததால்
உங்கள் ஐந்து லட்சம்
ஏழரை லட்சமாகியிருக்கிறது, மேடம். வாழ்த்துகள்.

தேவசகாயம்,
பால் பாக்கெட்டைக் கத்தரித்துக்
கவிழ்த்து வடியவிட்ட மனுஷரே,
ஒரு ரூபாய் பில் வைக்காமல் போய்
இரண்டரை லட்சம் சேர்த்திருக்கிறீர்.
அதை எடுக்க நான் படுத்தாக வேண்டும்.
எடுப்பதாக இல்லை.

கட்டவேண்டிய தேதி நேற்றோடு போயிற்றே என்றால்
முப்பது நாள் கிரேஸ் இருக்கிறதாம்.
எங்கள் சபைப் போதகர்
கிருபைக்கு எல்லையில்லை என்பார்.
இவர்கள் தேதி போட்டுத் தருகிறார்கள்:
பத்தொன்பதாம் தேதி நள்ளிரவு.
அதற்குள் எனக்கு ஏதாவது ஆனால்?
"அந்த நாட்களுக்கு கவரேஜ் கிடையாது மேடம்."

அப்படியானால் இன்றைக்கே.
எனக்கு மட்டும்.
"சாரின் பெயரை நீக்கச் சம்மதமென்றால்
'ஹாம்' என்று சொல்லுங்கள்.
பதிவாகிக்கொண்டிருக்கிறது."

வலதுகால் இருபது ஆயிற்று.
இடதுகால் பதினொன்றில் நிற்கிறது.

"லைன்ல இருங்க" என்றேன் அவனிடம்,
தமிழில்,
முப்பத்தெட்டு வருட சர்வீஸ் குரலில்.

பன்னிரண்டு.
பதின்மூன்று.