தோட்டக் கழகத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய அதிபர் அவர்களுக்கு,
சென்ற ஆண்டு எமது கழகத்தில் அங்கத்தவர் மூவர்.
இந்த ஆண்டு அறுபத்தொருவர்.
காரணம் உங்களுக்குத் தெரியும், ஆனாலும்
அறிக்கையில் எழுத வேண்டுமாம்.

ஊரில் கடைகள் எரிந்த கிழமை
மஸ்கட்டில், வாதி கபீர் மலைகளுக்கு நடுவே,
நாங்கள் தவணைப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தோம்.
கைத்தொலைபேசிக்குத் தடை. ஆனால்
செய்தி பஸ்ஸில் வந்தது,
சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தது.
ரிஃப்கானின் மாமாவுடைய புடவைக்கடை
நாற்பது விநாடிக் காணொளியாக
அவனுக்கு முன்பே வகுப்புக்கு வந்து
உட்கார்ந்திருந்தது.

அன்று இடைவேளையில்
தண்ணீர்க் குழாயடியில் மூன்று வரிசைகள்.
மூன்றாக நில்லுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.
குழாய் என்னவோ ஒன்றுதான்.

மறுநாள் உங்கள் சுற்றறிக்கை:
தமிழ் இலக்கிய மன்றம், சிங்கள இலக்கிய மன்றம்,
இஸ்லாமிய மஜ்லிஸ், விவாதக் குழு, நாடகக் குழு
மறு அறிவித்தல் வரை கூடக்கூடாது.
ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து நிற்கவும் கூடாது.

மாணவத் தலைவி என்பதால்
பெயர்ப்பலகைகளை நான்தான் கழற்றினேன்.
திருகாணிகளைக் கொம்பாஸ் பெட்டியில் போட்டுவைத்தேன்,
எது எந்தப் பலகையுடையது என்று குறிக்காமல்.
கூடி நின்றவர்களின் பெயர்களையும் எழுதித் தந்தேன்
இரண்டு நாள்.
மூன்றாம் நாள் பட்டியலில் என் தங்கச்சி.
அந்தத் தாள் உங்களிடம் வரவில்லை.
நீங்கள் கேட்கவும் இல்லை.

சுற்றறிக்கையின் கடைசி வரியைக்
கண்டுபிடித்தவள் டில்ஹானி:
தோட்டக் கழகம் நீங்கலாக.
செடிகளுக்குத் தண்ணீர் விட வேண்டும்.

ஞாயிறு பதினொரு பேர். செவ்வாய் முப்பது.
விவாதக் குழு முழுவதும் வாளியோடு வந்தது.
அரசனாக நடிக்கவிருந்தவன்
எரு மூட்டை சுமந்தான்.
இருந்தவையோ பஸ் நிறுத்தும் சுவரோரம்,
சரளை மண்ணில், ஆறு கத்தரிச் செடிகள்.
எந்த நாட்டுக் கத்தரி என்று கேட்டார்
காவலர் நாஸர். மூன்று பதில் சொன்னோம்.
விதைப் பையைத் திருப்பிக் காட்டினார்:
பர்க்கா, இங்கிருந்து ஒரு மணி நேரம்.

சமாதானமானோம் என்று எழுத மாட்டேன்.
தண்ணீர்க் குழாய்க்காக அடிபட்டோம்.
மூன்று மொழியிலும் ஏசினோம்;
ஏசுவதற்காவது மற்றவர் மொழியைச்
சரியாக உச்சரித்தோம்.
ரிஃப்கான் எவரோடும் பேசாமல்
ஒரே செடிக்கு ஊற்றிக்கொண்டே இருந்தான்.
டில்ஹானி பக்கத்தில் போய் நின்றாள்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
அவளும் ஊற்றினாள்.
அந்தச் செடிதான் முதலில் செத்தது.

விவாதக் குழுவின் அணித்தலைவி நுஸ்கியா
ஒருநாளும் வரவில்லை.
விலகல் பத்திரம் வாங்கிப் போய்விட்டாள் என்று
வரவு இடாப்பில்தான் படித்தேன்.
அறுபத்தொன்று என்பது அவளோடு சேர்த்து.
பிழை என்றால் நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள்.

மேல்மாடி ஜன்னலில் நின்று எங்களைப் பார்த்தீர்கள்.
கணித ஆசிரியராக இருந்தவர்,
ஐந்துக்கு மேல் எண்ணத் தெரியாதவர் அல்ல.
எண்ணவில்லை.
அது துணிவா, அசதியா
என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை.

செலவு: வாளி மூன்று, எரு இரண்டு மூட்டை,
நான்கு ரியால் அறுநூறு பைசா.
விளைச்சல்: இல்லை.
ஆறு செடிகளும் அழிந்தன.
காரணம்: தண்ணீர் மிஞ்சியது.
பாலைநிலத்தில் இருந்துகொண்டு
இப்படி எழுத நேர்ந்ததற்கு வருந்துகிறேன்.

பலகைகளைத் திரும்ப மாட்டுவதானால்
திருகாணிகள் என்னிடம் இருக்கின்றன.
நேற்று எண்ணிப் பார்த்தேன்.
ஒன்று குறைகிறது.