ஒன்றரை சீசீ

முதலில் அசையவே இல்லை.
நாற்பது வருச ஆமணக்கெண்ணெய்
பிசினாகிப் பிஸ்டனைப் பிடித்திருந்தது.
கொதிதண்ணிக்குள் போட்டேன். இளகியது.

பிறகு அமுக்கம் இல்லை.
பின்மூடிக்கு மின்சாரசபை பில்லில்
ஒரு வட்டம் வெட்டி, எண்ணெயில் தோய்த்து இறுக்கினேன்.
நிலுவைத் தொகை உள்ளே போய்விட்டது.

பிறகு எண்ணெய் ஏறவில்லை.
ஊசி வால்வுத் துளைக்குள்
கிளச் கேபிளின் ஒற்றை இழையை விட்டு எடுத்தேன்:
மயிர் கனத்தில்
கோண்டாவில் செம்மண்.

ஈதர் தந்த லாப்காரி பிலோமினா கேட்டா,
"பிளேன் எங்க?"
"அது இன்னும் இல்லை."

சுண்டினேன். சுண்டினேன். விசிறி விரலில் அடித்தது.
அமுக்க ஆணியைக் கால்சுற்றுத் தளர்த்த
ஒருக்கால் பிடித்து, மறுபக்கமாய்ச் சுற்றி,
என் முகத்துக்கே ஊதிவிட்டு நின்றது.

அறுபத்து மூன்றாம் சுண்டலில்
சரியாகப் பிடித்தது.
மேசை அதிர, மெல்லிய, விடாத இரைச்சல்.

பக்கத்து வளவில் திருவலைச் சத்தம் நின்றது.
வெளியே ஓடிவந்த இரஞ்சிதமலர் அக்கா
மதிலுக்கு இந்தப்பக்கம் பார்க்கவில்லை.
கையில் பாதித் தேங்காயோடு
வானத்தைப் பார்த்தா.

பதினொரு செக்கனில் எண்ணெய் முடிந்தது.
திருவலை
உடனே தொடங்கவில்லை.

கொப்பியில் எழுதினேன்:
ஊசி, இரண்டேகால் சுற்று.
சைலன்சர் ஒன்று
முதலில் செய்யவேணும்.