மேப் ஃபைல்

மஞ்சக்குப்பத்துக்குள் கெடிலம் வந்துபோன ஒன்பதாம் நாள்
பிஸ்கட் டப்பாவில் அரிசி கொட்டி
ஹார்ட் டிஸ்க்கைப் புதைத்து எடுத்துவந்தார்
ஸ்டுடியோ பாவாடைராயன்.
"அரிசி ஈரத்தை இழுக்குமாமே."
இழுத்துத்தான் இருந்தது. சேற்று வாடையை விட்டுவிட்டு.

துடைத்து, பலகை மாற்றி,
கறுப்புத் திரையில் ஒரே வரி தட்டினேன்.
டிடிரெஸ்க்யூவுக்கு அவசரமில்லை.
நல்ல இடங்களை முதலில் வாசிக்கும்,
முனகும் இடத்தைத் தாண்டிப்போகும்,
கடைசியில்தான் திரும்பிவந்து
ஓரத்திலிருந்து சுரண்டும்.
என் பல் டாக்டரிடம் யாராவது சொல்லுங்கள்.

இரண்டே கால் மணிக்குக் கரண்ட் போனது.
இருட்டில் அவர் முகம் தெரியாததும் நல்லதாயிற்று.
வந்ததும் அதே வரி.
விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது:
எதுவரை வந்தோமென்று
சின்ன மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகிறது.
நான் வாங்கிய கடனைக்கூட அப்படிக் குறித்ததில்லை.

"சாஃப்ட்வேர் எவ்வளவு?"
"என் கூலி மட்டும்தான். அதுக்குக் காசில்லை."
"அப்ப யாரோடது?"
உரிமத்தைத் திறந்து தமிழில் சொன்னேன்:
எடுத்துக்கொள், திருத்து, பிறருக்கும் கொடு,
உத்தரவாதம் மட்டும் கேட்காதே.
"ஆறும் அதைத்தான் சொல்லிச்சு" என்றார்.

போட்டோரெக் படங்களை மீட்டது,
பெயர்களை அல்ல.
வெறும் எண்களாக
பதினோராயிரம் மாலைகள், மொட்டைகள், காதுகுத்து அழுகைகள்.
ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.
"முதுநகர் சவரிமுத்து பொண்ணு, ரிசப்ஷன்."
தட்டினேன்.
"அடுத்தது...
இருங்க, சொல்றேன்."