இருபத்தெட்டு பவுண்டு

தூர்க்கோவுக்கு இன்னும் பதினேழு கிலோமீட்டர்.
பின்சக்கரம் சப்பென்று உட்கார்ந்துவிட்டது.
அயிராம்புக் கள்ளியின் முள், தலைமயிர் அளவு.
இத்தனூண்டைத் திட்டினால் கேவலம் எனக்குத்தான்.

என்னிடம் இரண்டு பெட்டிகள்.
கேரியரில் கட்டியிருப்பது
லாமாக்களுக்கான தடுப்பூசி மருந்து.
ஐஸ்கட்டிகளுக்கு நடுவே இருக்கிறது,
சூடாகக் கூடாது.
மற்றது இரண்டு ஸ்வெட்டருக்கு அடியில்,
நெஞ்சோடு ஒட்டி,
சோப்புக்கட்டி அளவில் காற்றடிக்கும் மிஷின்.
அது குளிரக் கூடாது.
குளிர்ந்தால் பேட்டரி முழுசாக இருந்தாலும்
செத்ததுபோல் கிடக்கும்.
ஒன்றை அணைத்தும் ஒன்றைத் தள்ளியும் வைத்துக்கொண்டு
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
மந்தை மந்தையாகப் போகிறவள் நான்.

முன்பு கைப்பம்புதான்.
முப்பது அடி அடித்தால் கண் இருட்டும்.
குத்துக்காலிட்டு உட்கார்ந்து
கோக்கா இலையை மென்று
மறுபடி முப்பது.
டயர் நிறைகிறபோது நான் காலியாகியிருப்பேன்.
இங்கே சும்மா நின்றாலே மூச்சு வாங்கும்.
வாங்கும் என்பது சரியான சொல்தான்.
இந்தச் சமவெளியில்
யாருக்கும் அது இனாமாகக் கிடைப்பதில்லை.

ஒட்டுப் போட்டேன்.
எச்சில் தடவிப் பார்த்தேன், குமிழி வரவில்லை.
வால்வில் மாட்டிப் பொத்தானை அழுத்தியதும்
தகர டப்பாவில் அடைத்த குளவியாகக் கத்தியது மிஷின்.
சஹாமா மலையைத் தவிர
எல்லாம் திரும்பிப் பார்த்திருக்கும்.
பன்னிரண்டு. பத்தொன்பது. முப்பத்தொன்று.
எனக்கே கிடைக்காத காற்றை
எங்கிருந்து இழுக்கிறதோ.
நாற்பதில் தானாக நின்றது.
பேட்டரியில் ஒரே ஒரு கோடு மிச்சம்.

அப்போதுதான் வந்தார் செவெரினோ,
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு.
"சத்தம் கேட்டது, நீயாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.
நலமா பாசிலியா? அம்மா? கழுதை?"
இன்னும் கொஞ்சம் விட்டால்
மலையையும் நலம் விசாரித்திருப்பார்.

பதினொரு லாமா. பதினொரு ஊசி.
போட்டது போன ஏப்ரலில்.
அன்றிலிருந்து என்னைக் கண்டால்
அவருடைய சைக்கிள்
தானாகவே குறுக்குப்பாதையில் திரும்பிவிடும்.
இன்று திரும்ப வழியில்லை.
முன்சக்கரம் வெறும் விளிம்பில் உருண்டது.
அதே கள்ளி.

அவருக்கும் ஒட்டினேன்.
"எத்தனை பவுண்டு?"
"உனக்கு அடித்த அளவே போதும்."
குளவி கத்தியது.
பதினைந்து. இருபத்திரண்டு.
இருபத்தெட்டில் விரலை எடுத்தேன்.

"இன்னும் ஏறுமே" என்றார்.
"ஏறும். பாக்கி வந்தால் பாக்கியும் ஏறும்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.
மூன்று ஜேபிகளைத் தடவி, நான்காவதிலிருந்து
இருபது பொலிவியானோ எடுத்தார்,
மடித்து மடித்துத் துணியாகிப்போன நோட்டு.
நோட்டை வாங்கிப் பொத்தானை அழுத்தினேன்.
மிஷின் ஒருமுறை இருமி
அணைந்துபோனது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
கணக்கு இப்போது யார் பக்கம் நிற்கிறது?
நோட்டைத் திருப்பி நீட்டினேன்.
வாங்கமாட்டேன் என்று கைகளை முதுகுக்குப் பின்னால்
கட்டிக்கொண்டார், பள்ளிப் பையன்போல.
"பன்னிரண்டு பவுண்டு உன்னிடம் இருக்கட்டும்" என்றார்.

அரைக்காற்றில் ஏறிப் போனார்.
கல்லுக்குக் கல் விலகி,
முட்டை மேல் நடக்கிறவர் மாதிரி.
வளைவுக்கு அப்பால்
அவருடைய நாய் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

ஐஸ் உருகும் முன் கிளம்ப வேண்டும்.
மிஷினை எடுத்து உள்ளே செருகினேன்.
ஐயோ, என்ன சூடு!
இரண்டு சக்கரத்துக்கு உழைத்த சூடு.
இத்தனை நாளாக
நான்தான் அதைக் குளிரிலிருந்து காப்பாற்றினேன்.
காற்று எதிர்முகமாக அடித்தது.
மிதித்தேன்.
தூர்க்கோவில் பாதி தூரம் வரை
நெஞ்சு கதகதவென்றே இருந்தது.