கோசுக்குப் பாஸ் உண்டு

பனியன் அனுப்பும் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துப்போட்டு
வழி வரைகிறேன்.
பெட்டியில் ஏற்கெனவே ஓர் அம்புக்குறி,
இந்தப் பக்கம் மேலே என்று.
அதன் நுனியில் தாளவாடியை வைத்தேன்.

நேர்வழி யாருக்கும் தெரியும்.
பெருமாநல்லூர், குன்னத்தூர், கோபி, சத்தி,
பண்ணாரி, இருபத்தேழு கொண்டை ஊசி, திம்பம்.
நேர்வழியில்தான் அவர்களும் நிற்கிறார்கள்
லத்தியோடு, நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியோடு.

மூன்று முறை விண்ணப்பித்தேன்.
இறப்பா, திருமணமா, மருத்துவமா என்று கேட்டது.
வீட்டுக்குப் போகணும் என்பதற்குக் கட்டமில்லை.
மூன்றாம் முறை மருத்துவத்தைத் தொட்டேன்.
நோயாளியின் பெயர் என்றது.
வீட்டில் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்து
மூடிவிட்டேன்.

ஆக, சுற்றுவழி.
பெருமாநல்லூருக்கு முன்பே பிரிந்து
விசைத்தறிக் குடோன்களின் முதுகோரமாக ஊர்ச்சாலை.
அங்கே நாய்கள்தான் சோதனைச்சாவடி.
மாவட்ட எல்லையில் வாய்க்கால் பாலத்துக்குக்
குறுக்கே பனங்கட்டை போட்டிருக்கிறார்கள்.
பால் ஊற்றப் போன தேன்மொழி
கையால் அளந்துவிட்டுப் போனில் சொன்னாள்:
"ஸ்பிளெண்டர் நுழையுமுங்க்கா.
கண்ணாடிதான் ஒரு சாண் இடிக்கும்.
கழட்டிருங்."
கழற்றினேன்.
பின்னால் பார்க்க என்ன இருக்கிறது,
கம்பெனிப் பூட்டு.

இரண்டரை லிட்டர் வேண்டும்.
அறைத்தோழியின் ஸ்கூட்டியில் குழாய் விட்டு உறிஞ்சினேன்.
அன்றைக்குக் குடித்த நாலு டீயும்
பெட்ரோல்.

பதில்களையும் எழுதி வைத்தேன்.
"ஏனுங் அம்மிணி, எங்கீங் இந்நேரத்துல?"
குன்னத்தூரில்: மாஸ்க் சாம்பிள் குடுக்கப் போறேனுங்.
சத்தியில்: மாஸ்க் சாம்பிள் குடுத்துட்டு வாரேனுங்.
பண்ணாரிக்கு நேராக வெற்றிடம்.
கோயில் பூட்டியிருந்தாலும்
அங்கே பொய் வராது எனக்கு.

மேலே ஏறினால் வேறு கணக்கு.
ஆசனூர் வழியென்றால்
தமிழ்நாட்டிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகக்
கொஞ்ச தூரம் கர்நாடகம் குறுக்கே கிடக்கிறது.
நாங்கள் வீட்டில் பேசுவதும் கன்னடம்தான்.
அதைக் கேட்டு யாரும் தடுப்பைத் தூக்கமாட்டார்கள்.
தலமலை வழியென்றால் முழுக்கக் காடு,
இருட்டுமுன் தாண்டிவிட வேண்டும்.
யானை கேட்டால் என்ன சொல்வது என்று
இன்னும் எழுதவில்லை.

ராத்திரி பத்தரைக்கு அண்ணன் மல்லப்பா கூப்பிட்டான்.
"கோசு லோடு மேட்டுப்பாளையம் வருது.
கண்ணாடியில பாஸ் ஒட்டியிருக்கு.
திரும்பும்போது காலி வண்டி.
புளியம்பட்டியில நில்லு,
பைக்கைப் படுக்கவெச்சு ஏத்திக்கலாம்."

கோசுக்குப் பாஸ் உண்டு.
உருளைக்கிழங்குக்கு உண்டு, வாழைத்தாருக்கு உண்டு.
இரண்டு கால் இருப்பதுதான் இடைஞ்சல்.

நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டரை
ஒற்றை ஆளாக வரைந்துவிட்டுத்
தார்ப்பாய்க்குக் கீழே போவதா?
"திம்பத்தில் இறக்கிவிடச் சொல்,
கடைசி முப்பதை நானே ஓட்டிக்கிறேன்."
சிரித்தான்.
"இறக்க நாலு ஆள் வேணும்.
அங்க குரங்குதான் நிக்கும்."
நான் சிரிக்கவில்லை.
அவனும் நிறுத்திக்கொண்டு,
"சரி, டிரைவர்கிட்ட பலகை இருக்கான்னு கேக்குறேன்" என்றான்.

விடிய இன்னும் நேரமிருக்கிறது.
நடு ஸ்டாண்டில் போட்டு உதைத்தேன்.
ஒரு மாதம் நின்ற வண்டி, மூன்றாம் உதையில் பிடித்தது.
பின்சக்கரம் மட்டும் வெறும் காற்றில் சுற்றுகிறது.
மீட்டர் முன்சக்கரத்தோடு கட்டியது,
ஒரு புள்ளிகூட ஏறவில்லை.

புளியம்பட்டி வழிக்கு அட்டையில் இடமில்லை.
அவினாசி, சேவூர் என்று
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
கண்ணாடியைத் திரும்ப மாட்டவில்லை.