கீழெல்லை

மனப்பாடம் செய்துகொண்டுதான் போவேன்.
"அம்மா, நிலம் உங்களுது.
அதுக்கு அடியில இருக்கறது அரசாங்கத்துது."
மூன்று தாலுகாவில் சொன்ன வாக்கியம்.
எந்தச் சொல்லில் குரலை இறக்க வேண்டும் என்பது
நாக்குக்கே தெரியும்.

குள்ளஞ்சாவடிக்குக் கிழக்கே
டயர் புதையும் செம்மண் தடத்தின் முடிவில்
அஞ்சலாட்சி முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.
தோட்டுப் பால் பட்டுக் கறுத்த விரல்கள்.
அவற்றைச் சாம்பலில் தோய்த்தபடி
தலை நிமிராமல் கேட்டார்:
"அப்போ என் பட்டா எத்தினி அடி ஆழம்?"

பத்திரத்தைப் புரட்டினேன்.
புல எண் இருந்தது, உட்பிரிவு இருந்தது,
ஒரு ஏக்கர் நாற்பது சென்ட், மாமூல் வண்டிப்பாதை.
கீழெல்லை என்றுகூட ஒன்று இருந்தது.
தனவேல் படையாச்சி தோப்பு.
கிழக்கே.

"போன வருஷம் போர் போட்டேன்.
முந்நூத்தி இருவது அடி. புகைதான் வந்துது.
அந்தப் புகை யாருதுங்க?
கடன் என் பேர்ல இருக்கு."

இதற்கு என்னிடம் வாக்கியம் இல்லை.
வாடகைக்குத் தாவினேன். சென்ட்டுக்கு இவ்வளவு,
மூன்று வருடம், மரத்துக்குத் தனி,
மரத்தின் வயதைப் பொறுத்து.
"தானே புயலுக்கு மறுவருஷம் நட்டது" என்றார்.
"அப்பவும் ஒருத்தர் வந்து எண்ணுனாரு.
இதே மாதிரி ரப்பர் பேண்ட் போட்ட ஃபைல்."

நான்காம் முறை போனபோது
சட்டத்தை எடுத்தேன். மெதுவாகத்தான்.
நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும்
கலெக்டர் மூலமாக
"வரட்டுமே. எண்ணெ உங்களுது, நான் இல்லன்னல.
வழி என்னுது.
கலெக்டரு காரும் இந்தத் தடத்துலதான வரணும்?"
சொல்லிவிட்டு மோர் கொடுத்தார்.
உப்பு கொஞ்சம் கூடுதல்.

கடைசியில் பணத்தில் நிற்கவில்லை பேச்சு.
மேல்மண்ணில் நின்றது.
ஜல்லி கொட்டுவதற்கு முன்
முழங்கால் ஆழத்துக்கு மண்ணை வழித்து
வரப்போரம் தனியாகக் குவிக்க வேண்டும்.
போகும்போது அதே மண்ணைப் பரப்பிவிட்டுப் போக வேண்டும்.
வேறு மண் ஆகாது.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
பின்பக்கத்தில் எழுதினேன்.
ஒன்றரை அடி என்றதை அடிக்கச் சொல்லி
முழங்கால் என்றே எழுதவைத்தார்.
இரண்டு முறை படிக்கச் சொன்னார்,
பிறகுதான் கையெழுத்து.
'லா'வின் கால் கோட்டைத் தாண்டிப் போயிருந்தது.

காரைக்கால் ஆபீசிலிருந்து போன்:
"முழங்கால்னா என்னய்யா அளவு?"
"அஞ்சலாட்சி முழங்கால், சார்."
எதிர்முனையில் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

ரிக் வந்தது. பொங்கலிலிருந்து வைகாசி வரை
ராத்திரியே இல்லை அந்தப் பக்கம்.
தனவேல் வீட்டுக் கோழிகள்
நேரம் தப்பிக் கூவின.
எத்தனையாயிரம் அடி போனார்கள்,
கிடைத்ததா, கிடைத்தது எவ்வளவு,
எனக்குச் சொல்லவில்லை.
அவர் என்னைத்தான் கேட்டார்.

இப்போது கம்பிவேலி, ஒரு காவலாளி,
ஆளுயரத்துக்கு இரும்பு வால்வு.
வாடகைக் காசோலை கொடுக்கப் போயிருந்தேன்.
வேலிக்கு உள்ளே, வரப்போரம்,
குவித்த மண்மேல் பறங்கிக்கொடி ஏறிக் கிடந்தது.
யாரும் விதைக்கவில்லையாம்.
காவலாளியை அதட்டிக் கதவைத் திறக்கவைத்து
ஐந்து காய் அறுத்து வந்து
தடத்தில் வரிசையாக வைத்தார்.

"இது குத்தகை எடத்துல காய்ச்சிது.
மேலயா, கீழயா?
பாத்து எழுதிக்குங்க."

பேனாவை எடுக்கவில்லை நான்.
ஒன்றைத் தூக்கி வண்டிப் பையில் வைத்தார்.
அடியில் ஒட்டியிருந்த செம்மண்
கோப்பின் மேல் உதிர்ந்தது.
கும்பிட்டுக் கிளம்பினேன்.

"முப்பது ரூவா" என்றார்.