மூன்றாம் பரிசு

ஸ்வேல்டேல் கிடாவுக்கு
முகம் கரியாய் இருக்கவேண்டும்.
மூக்கு மட்டும் சாம்பல் வெள்ளை.
எல்லை கலங்கக் கூடாது
என்கிறது விதிப்புத்தகம்.

கொட்டகை விளக்கடியில்
மூன்று இரவாக முட்டிபோட்டு
கருமைக்குள் வழிதவறி வந்த
வெள்ளை மயிரை ஒவ்வொன்றாய்
இடுக்கியால் பிடுங்குகிறாள் மேவிஸ் ஆல்டர்சன்.
கிடா தும்முகிறது.
"பொறுடா. எனக்கு நீ போதும்,
அவர்களுக்குத்தான் போதாது."

கர்க்பி சந்தையில் நடுவர்
பல்லைப் பார்த்தார், கொம்பைத் தட்டினார்,
விதையைக் கையில் ஏந்தி எடை பார்த்தார்.
பின்னங்கால் கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறதாம்.
மூன்றாம் பரிசு.

திரும்பும் வழியெல்லாம் மழை.
வண்டியை ஓரங்கட்டி
கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி
அதே இடுக்கியால்
தாடையில் ஒன்றைப் பிடுங்கினாள்.

பின்னால்
கிடா தும்மியது.